ஏஇஎம் 30-0300 வைட்பேண்ட் மீட்டர்: வாங்கலாமா?

வாங்கலாம். கார்புரேட்டர் வண்டிக்கு ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) மாற்றிப் பார்க்கிறவர்களும், மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ மாதிரி தனி ஈசியூ (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) போட்டு ஓட்டுகிறவர்களும் முதல் செலவாக ஒரு வைட்பேண்ட் மீட்டரை, அதாவது எஞ்சின் புகையை அளந்து காற்று-பெட்ரோல் கலவையைச் சொல்லும் கருவியை, வைத்துக்கொள்வது நல்லது. கேம், ஹெடர், பெரிய இன்ஜெக்டர் எல்லாம் அப்புறம். கலிபோர்னியாவின் ஏஇஎம் விற்கும் எக்ஸ்-சீரீஸ் மீட்டர், பாகம் எண் 30-0300, இந்த வகையில் அதிகம் புழங்குகிற ஒன்று. அமெரிக்காவில் 200 டாலரைச் சுற்றி விலை. இங்கே வரவழைத்தால் கூரியரும் சுங்கமும் சேர்ந்து கணிசமாக ஏறும். அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது, எங்கே கவனம் தப்பினால் அதே மீட்டர் தப்பான வழி காட்டும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "வண்டியில்தான் ஏற்கெனவே ஆக்சிஜன் சென்சார் இருக்கிறதே, அதிலிருந்தே ஒயர் இழுத்து மீட்டர் போட்டால் போதாதா?" என்று பலர் கேட்பார்கள். போதாது. பழைய இன்ஜெக்‌ஷன் கார்களில் கம்பெனியே மாட்டி அனுப்பும் சென்சார் பெரும்பாலும் நேரோபேண்ட் வகை. 1976-ல் பாஷ் தயாரித்து வோல்வோ காரில் முதன்முதலாக வந்த அதே தத்துவம்தான். சிர்கோனியா பீங்கானின் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. கலவை ரிச்சாக (பெட்ரோல் அதிகம்) இருந்தால் 0.8, 0.9 வோல்ட், லீனாக (பெட்ரோல் குறைவு) இருந்தால் 0.1 வோல்ட். நடுவில் 0.45-ல் செங்குத்தாகத் தாவும். அந்தத் தாவல் நடக்கிற இடம் லாம்டா 1, அதாவது பெட்ரோலும் காற்றும் மிச்சமில்லாமல் எரியும் விகிதம்; 1-க்குக் கீழே ரிச், மேலே லீன். ரிச்சா லீனா என்று ஆம், இல்லை பதில் சொல்ல அது அருமையான சென்சார். கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு வேண்டியதும் அவ்வளவுதான். ஆனால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது நமக்கு வேண்டியது லாம்டா 0.85-ஆ, 0.92-ஆ என்ற கணக்கு. அந்தப் பகுதியில் நேரோபேண்டின் வோல்ட்டேஜ் ஏறக்குறைய அசையாமல் படுத்திருக்கும். கொஞ்சம் அசைந்தாலும் அது கலவையால் அசைந்ததா, சென்சாரின் சூட்டால் அசைந்ததா என்று பிரிக்க முடியாது. நேரோபேண்டில் இணைத்து விற்கும் எல்இடி மீட்டர்கள் கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும், பார்க்க அழகு. அதை நம்பி ஜெட் மாற்றக் கூடாது.

வைட்பேண்டில் இன்னொரு அறை உண்டு. புகை ஒரு சிறு துளை வழியே அந்த அறைக்குள் வரும். அறைக்குள் எப்போதும் லாம்டா 1 நிலவும்படி ஆக்சிஜனை வெளியே தள்ளவோ உள்ளே இழுக்கவோ மீட்டர் ஒரு மின்னோட்டம் கொடுக்கும். எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது, எந்தத் திசையில் என்பதுதான் அளவீடு. 30-0300-ல் வருவது பாஷ் எல்எஸ்யூ 4.9 சென்சார். முந்தைய 4.2-ஐ விட இது மேல். 4.2 வெளிக்காற்றை ஒப்புக்கு எடுத்துக்கொள்ளும். அந்தக் காற்று அழுக்கானால் அளவீடு நகர்ந்துவிடும். 4.9 தன் ஒப்பு ஆக்சிஜனைத் தானே பம்ப் செய்துகொள்ளும். ஒவ்வொரு சென்சாருக்கும் உற்பத்தியில் வரும் சிறு வித்தியாசத்தைச் சரிக்கட்ட, அதன் பிளக்கிற்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் சென்சாரிலிருந்து வருவது ஐந்து ஒயர், பிளக்கில் ஆறு பின். ஒயர் நீளம் போதவில்லை என்று பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு வேறு போட்டால் அந்த ரெசிஸ்டரும் குப்பைக்குப் போகும். பிறகு மீட்டர் காட்டுவது எதுவும் கணக்கில் வராது.

பெட்டியில் 52 மி.மீ. மீட்டர், சென்சார், ஹார்னஸ், வெல்டிங் செய்ய எம்18 மரை கொண்ட பங் (சென்சாரைத் திருகி மாட்டும் வளையம்), அதற்கு மூடி எல்லாம் இருக்கும். மீட்டரின் நடுவே பெரிய எண், சுற்றிலும் நிறம் மாறும் எல்இடி வளையம். பின்பக்கக் குடுவை மிகவும் மெல்லியது என்பதால் டேஷ்போர்டில் ஆழமாகத் துளை போட வேண்டியதில்லை. எண்ணை ஏஎஃப்ஆரிலும் (காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள எடை விகிதம்) பார்க்கலாம், லாம்டாவிலும் பார்க்கலாம். தோற்றத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல வெயிலிலும் எண் தெரிகிறது.

வேலை இருப்பது பங் வைக்கும் இடத்தில். நான்கு சிலிண்டரும் ஒன்று சேர்ந்த பிறகு, கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் வைக்க வேண்டும். டர்போ வண்டி என்றால் டர்போவைத் தாண்டித்தான். டர்போவுக்கு முன்னால் வைத்தால் இரண்டு கேடு. ஒன்று, சூடு: எல்எஸ்யூ 4.9 தொடர்ந்து தாங்கும் புகை வெப்பம் 930 டிகிரி வரைதான். இரண்டு, அழுத்தம்: புகை அழுத்தம் கூடினால் பம்ப் மின்னோட்டமும் கூடும், ரிச்சான கலவை இன்னும் ரிச்சாகத் தெரியும், லீன் இன்னும் லீனாகத் தெரியும். லாம்டா 1-ல் மட்டும் இந்தப் பிழை இருக்காது என்பதால், ஐடிலிங்கில் சோதித்தவர் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வார்.

குழாயின் குறுக்குவெட்டைக் கடிகார முகமாக நினைத்தால் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் சென்சார் நிற்க வேண்டும். கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது மேலே பார்க்க வேண்டும். வண்டி ஆறிய பிறகு குழாயில் படியும் தண்ணீர் அடுத்த ஸ்டார்ட்டில் சென்சாரை நோக்கி ஓடிவரும். 780 டிகிரியில் காய்ந்து நிற்கும் பீங்கான் மேல் ஒரு சொட்டு பட்டால் போதும், விரிசல்தான். அடியில் தொங்கவிட்டு மாட்டிய சென்சார்கள் சீக்கிரம் சாவதற்குக் காரணம் இதுவே. பங்கை வெல்டிங் செய்யும்போது மூடியை மரையில் ஏற்றிவிட்டு ஊதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் மரை கோணிப்போகும். சென்சாரை மாட்டிய நிலையில் வெல்டிங் செய்வதை நினைத்தும் பார்க்க வேண்டாம். 22 எண் ஸ்பேனர், 40 முதல் 60 நியூட்டன் மீட்டர் இறுக்கம். மரையில் கிரீஸ் தடவினால் முனையில் ஒரு துளியும் படக் கூடாது. பக்கத்தில் எங்கேயும் சாதாரண சிலிக்கான் பேஸ்ட் போட்டு கேஸ்கட் ஒட்ட வேண்டாம். அதன் ஆவி சென்சாருக்கு நஞ்சு.

மின்சாரம் பற்றி ஒரு விதி, இரு பக்கமும் கூர்மையானது. எஞ்சின் ஓடும்போது சென்சாருக்குக் கரண்ட் இல்லாமல் இருக்கவே கூடாது. ஹீட்டர் வேலை செய்யாத சென்சார் மேல் கரி படிந்து அடைத்துவிடும். "இப்போதைக்கு சென்சாரை மட்டும் மாட்டி வைப்போம், மீட்டர் அப்புறம்" என்று விட்டால் சென்சார் போச்சு. அதுவரை மூடியைப் போட்டு வையுங்கள். அதே நேரம், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலையில் பத்து நிமிடம் வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்வதும் தவறு. சூடேறிய பீங்கான், குழாயில் தண்ணீர். மேலே சொன்ன கதைதான்.

இனி ஒயரிங். சிவப்பு ஒயர் சாவி ஆன் செய்தால் வரும் 12 வோல்ட்டுக்கு, தனி ஃப்யூஸ் வைத்து. கருப்பு எர்த். வெள்ளையும் பழுப்பும் அனலாக் வெளியீடு; ஈசியூவுக்குப் போவது இவைதான். பழுப்பு ஒயரை பாடியில் எங்காவது போல்ட்டில் சுற்றி விடுவது பரவலான பழக்கம். அதை ஈசியூவின் சென்சார் எர்த்தில்தான் கொடுக்க வேண்டும். காரணம் எளிய கணக்கு. இந்த மீட்டரில் 0.5 வோல்ட் என்றால் ஏஎஃப்ஆர் 8.5, 4.5 வோல்ட் என்றால் 18.0, அதாவது வோல்ட்டை 2.375-ஆல் பெருக்கி 7.3125 கூட்ட வேண்டும். ஹெட்லைட், ஃபேன் எல்லாம் ஓடும்போது பாடி எர்த்துக்கும் ஈசியூ எர்த்துக்கும் 0.1 வோல்ட் வித்தியாசம் வருவது சர்வ சாதாரணம். அந்த 0.1 வோல்ட் ஏஎஃப்ஆரில் 0.24 பிழையாக விழும். மீட்டரில் 12.8, லேப்டாப்பில் 13.04. இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் முதலில் இந்த எர்த்தைப் பாருங்கள். ஈசியூ ஏஇஎம்நெட் என்ற டிஜிட்டல் கேன் மொழி புரிந்துகொள்ளும் என்றால் அனலாக்கையே விட்டுவிட்டு கேன் ஒயர் போடுவது சாலச் சிறந்தது. எண்ணாகவே போய்ச் சேரும், எர்த் சண்டை கிடையாது.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று மென்பொருளில் இருக்கிறது. ஏஇஎம்மின் பழைய 30-4110 மீட்டரின் கணக்கு வேறு: வோல்ட்டை இரண்டால் பெருக்கி பத்து கூட்டுவது. ஈசியூ மென்பொருளின் அளவீட்டு அட்டவணைப் பட்டியலில் "ஏஇஎம்" என்று கண்ட முதல் பெயரைத் தட்டிவிட்டு நகர்ந்தால் என்ன ஆகும்? உண்மையில் 14.7 இருக்கும்போது மீட்டர் 3.11 வோல்ட் அனுப்பும். பழைய கணக்கில் அது 16.2. ஈசியூ "ஐயோ லீன்" என்று பத்து சதவீதம் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். ஆட்டோடியூன் (மீட்டரைப் பார்த்து எரிபொருள் அட்டவணையைத் தானே திருத்தும் வசதி) ஓடவிட்டால் அட்டவணை முழுக்க ரிச்சாகி, மைலேஜ் போய், பிளக் கருத்து, "இந்த மீட்டரே டுபாக்கூர்" என்ற பெயர் வேறு. இரண்டு புள்ளிகளை, 0.5-க்கு 8.5, 4.5-க்கு 18.0 என்று கையால் தட்டச்சு செய்துவிடுங்கள். 0.5-க்குக் கீழேயோ 4.5-க்கு மேலேயோ வரும் வோல்ட்டேஜ் அளவீடே அல்ல என்றும் ஈசியூவுக்குச் சொல்லி வையுங்கள்.

மாட்டியது சரியா என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. கம்பெனி நேரோபேண்டும் ஈசியூவும் அப்படியே இருக்கும் வண்டியில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நிதான வேகத்தில் ஓட்டுங்கள். ஈசியூ தானாகவே லாம்டா 1-ஐச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கும். புது மீட்டரும் 14.7-ஐச் சுற்றி ஆட வேண்டும். சராசரி 15.2 என்று நின்றால் சென்சாருக்கு முன்னால் எங்கோ காற்று உள்ளே போகிறது.

இப்போது இ20. இங்கே பெட்ரோல் பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்பதால் இந்தியாவில் இந்த மீட்டரை வாங்குகிறவர் இதைப் புரிந்துகொண்டே ஆக வேண்டும். எந்த வைட்பேண்டும் ஏஎஃப்ஆரை அளப்பதில்லை. அது அளப்பது லாம்டா. அதை 14.7-ஆல் பெருக்கி "ஏஎஃப்ஆர்" என்று காட்டுகிறது, டேங்க்கில் என்ன இருந்தாலும் சரி. சுத்த பெட்ரோலுக்கு 14.7 சரி, எத்தனாலுக்கு 9.0, இ20-க்கு ஏறக்குறைய 13.5. ஆகவே இ20 ஊற்றிய வண்டி கச்சிதமாக எரியும்போதும் மீட்டர் 14.7 என்றுதான் சொல்லும், 13.5 என்று சொல்லாது. "இ20-க்கு 13.5தானே சரியான விகிதம்" என்று படித்துவிட்டு மீட்டரில் 13.5 வரும்வரை பெட்ரோலைக் கூட்டுகிறவர், உண்மையில் லாம்டா 0.92-ல் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஒன்பது சதவீதம் எரிபொருள் சும்மா போகிறது. மீட்டரை லாம்டாவில் வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. ஏஎஃப்ஆர் எண்ணிலேயே கை பழகிவிட்டது என்றால் "பெட்ரோல் அளவுகோலில்" என்று மனதுக்குள் சேர்த்துப் படியுங்கள். இந்தக் கட்டுரையில் இனி வரும் எண்களும் அப்படித்தான்.

இலக்கு எண்கள் ஊருக்கு ஊர் மாறாது. டர்போ இல்லாத எஞ்சின் முழு மிதியில் 12.6 முதல் 13.2. டர்போவுக்கு 11.5 முதல் 12. நிதான ஓட்டத்தில் 14.7, கொஞ்சம் துணிந்தால் 15.3 வரை. ஐடிலிங்கில் எஞ்சின் எங்கே அமைதியாக நிற்கிறதோ அதுவே எண், பெரும்பாலும் 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் அமையும்.

கார்புரேட்டரில் இது எப்படிப் பயன்படுகிறது என்று ஒரு ஜெட்டை எடுத்துப் பார்ப்போம். மெயின் ஜெட் 112.5, அதாவது 1.125 மி.மீ. துளை. சுத்த பெட்ரோலில் முழு மிதியில் 12.8 காட்டிய வண்டி. இ20 ஊற்றியதும் அதே ஜெட்டில் 13.8 அளவில் ஏறும், ஏனென்றால் எத்தனால் தன் பங்கு ஆக்சிஜனைத் தானே கொண்டுவருகிறது. பழைய 12.8-க்கு வர 13.8-ஐ 12.8-ஆல் வகுத்தால் 1.078, கிட்டத்தட்ட எட்டு சதவீதம் கூடுதல் எரிபொருள். ஓட்டம் துளையின் பரப்பைப் பொறுத்தது, விட்டத்தை அல்ல; எனவே 1.078-க்கு வர்க்கமூலம், 1.038. 112.5-ஐ அதால் பெருக்கினால் 116.8. கடையில் கிடைக்கும் அடுத்த எண் 117.5. இந்தக் கணக்கு தெரியாமல் எட்டு சதவீதத்துக்கு ஜெட் எண்ணையே எட்டு சதவீதம் கூட்டி 122.5 போட்டுவிட்டு, கரும்புகையைப் பார்த்து மீட்டரைச் சந்தேகிக்கிறவர்கள் அநேகம். நிதான ஓட்டம் பைலட் ஜெட்டிலும் ஏர் ஜெட்டிலும் தொங்குகிறது என்பதால் மெயின் ஜெட்டை மாற்றியதும் வேலை முடிந்துவிடாது. சட்டென்று மிதிக்கும்போது ஒரு கணம் எண் 16, 17-க்குத் தாவி வண்டி மூக்கால் அழுதால் ஆக்சிலரேட்டர் பம்ப்பைப் பாருங்கள்.

இன்ஜெக்‌ஷனில் கணக்கு இன்னும் நேர். விஈ என்பது எஞ்சின் நிரம்பும் காற்றின் சதவீதம்; அதை வைத்தே ஈசியூ பெட்ரோலைக் கணக்கிடும். புது விஈ = பழைய விஈ × காட்டிய எண் ÷ இலக்கு. அட்டவணையின் ஒரு கட்டத்தில் விஈ 62, மீட்டர் 13.8, இலக்கு 13.0 என்றால் 65.8 என்று எழுதுங்கள். இதற்கு முன் கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். ஈசியூவின் லாம்டா திருத்தத்தை அணைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாம் அளப்பது ஈசியூ ஏற்கெனவே திருத்தியதைத்தான். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூன்று விநாடி மிதியை அசைக்காமல் நிறுத்துங்கள். எரிந்த புகை சென்சாருக்கு வந்து சேர நேரம் ஆகும், குறைந்த ஆர்பிஎம்மில் இன்னும் அதிகம். மிதியை ஆட்டிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தின் தவறு பக்கத்துக் கட்டத்தில் எழுதப்படும். லேப்டாப் பார்க்க இன்னொருவர் வேண்டும், ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கட்டும். முழு மிதியில் 14-க்கு மேல் ஏறினால் உடனே காலை எடுங்கள்.

மீட்டர் பொய் சொல்வதாகத் தோன்றும் நேரங்களில் பெரும்பாலும் அது கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்கிறது: "புகையில் எவ்வளவு ஆக்சிஜன்?" ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் என்று வையுங்கள். அந்தச் சிலிண்டரின் காற்று எரியாமல் அப்படியே வெளியே வரும். பெட்ரோலும் எரியாமல் வந்தாலும் மீட்டர் ஆக்சிஜனைக் கண்டு "லீன்" என்றே சொல்லும். ஆட்டோடியூன் பெட்ரோலைக் கூட்டும், பிளக் நனையும், மிஸ்ஸிங் அதிகமாகும், மேலும் "லீன்". ஐடிலிங்கில் 16 காட்டுகிறது, ஆனால் பிளக் கருப்பு, புகையில் கண் எரிகிறது என்றால் கலவையைத் தொடாதீர்கள்; பிளக், காயில், ஒயர் பாருங்கள். ஓவர்லேப் (இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) அதிகமுள்ள கேமிலும் ஐடிலிங்கில் இதே பொய் லீன் வரும். அங்கே எண்ணை விட்டுவிட்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டு வையுங்கள். ஐடிலிங்கில் மட்டும் லீன், மிதித்தால் சரி என்றால் மேனிஃபோல்டு கேஸ்கட் கசிகிறது. புகை துடிப்பு துடிப்பாக வருவதால் இடைவெளியில் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும். ஐடிலிங்கில் ஓடவிட்டு சைலன்சர் வாயைக் கனமான துணியால் சில விநாடி அழுத்துங்கள். கசியும் இடத்தில் 'புஸ்' என்று கேட்கும்.

குறைகள் இரண்டு. மேல் எல்லை 18.0-தான், அதற்கு மேல் லீனாக ஓட்டிப் பரிசோதிக்க நினைப்பவருக்கும் டீசலுக்கும் இது ஆகாது. இரண்டாவது, நேரோபேண்ட் மாதிரி நடிக்கும் தனி வெளியீடு இல்லை. கம்பெனி சென்சாரைக் கழற்றிவிட்டு அதே பங்கில் வைட்பேண்டை மாட்டி, கம்பெனி ஈசியூவையும் திருப்திப்படுத்த வேண்டுமென்றால் இன்னோவேட் எல்சி-2 பொருத்தம். அதில் இரண்டு அனலாக் வெளியீடு உண்டு, ஒன்றை நேரோபேண்டாக வைக்கலாம். ஆனால் இன்னோவேட்டில் சென்சாரை வெளியே எடுத்துத் திறந்த காற்றில் கேலிபரேட் செய்யும் வேலை இருக்கிறது. ஏஇஎம்மில் அது கிடையாது, பிளக்கிலுள்ள ரெசிஸ்டரை நம்பியே ஓடும். சோம்பேறிக்கு ஏஇஎம் சௌகரியம். மீட்டரே வேண்டாம், ஈசியூவுக்குள் எண் போனால் போதும் என்பவருக்கு 14பாயிண்ட்7-ன் ஸ்பார்டன் 3 சிக்கனம்.

சென்சார் தேய்மானப் பொருள், பிரேக் ஷூ மாதிரி. ரிச்சாக ஓடும் எஞ்சினிலும் ஆயில் எரிக்கும் எஞ்சினிலும் சீக்கிரம் தேயும். மாற்றும்போது பாஷ் எண் 0 258 017 025 என்று பார்த்து, பில் தரும் கடையில் வாங்குங்கள்; போலி ஏராளம். பாதி விலைக்கு ஆன்லைனில் "யுனிவர்சல் வைட்பேண்ட்" என்று வருவதில் பிளக்கைப் பிடித்துப் பாருங்கள். ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தாலோ, பெட்டியிலுள்ள எல்லா சென்சாருக்கும் ஒரே மதிப்புள்ள ரெசிஸ்டர் இருந்தாலோ திருப்பி அனுப்பிவிடுங்கள்.